காய்ச்சல் விட்டும் நோவு விடாதது ஏன்?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியில், விடத்தல்தீவை அடையுமுன் வரும் சிறிய கிராமம் பாப்பாமோட்டை. அங்குள்ள மாதர் சங்கத்தினரோடு சுகாதாரம் பற்றிப் பேசுவதற்காக நாம் சென்றிருந்தோம். கிணறு, மலசலகூடம், நுளம்பு என்று வழமையான விடயங்களைப் பேசி முடித்து, "ஏதும் கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றோம். இரண்டு கேள்விகள் வந்தன.

முதற் கேள்வி ஓர் ஆச்சியுடையது. "பிள்ளையள், 2006ஆம் ஆண்டு கடைசியிலை எங்கடை பக்கம் எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வந்தது. எனக்கு நாலு நாளிலை விட்டிட்டுது. ஆனால் கை மணிக்கட்டும் முழங்காலும் இரண்டு வருசம் விடேல்லை. இடம்பெயர்ந்து போன நேரமும் நொண்டிக்கொண்டுதான் நடந்தனான். காய்ச்சல் விட்டால் நோவும் விடத்தானே வேணும்? அது எனக்குள்ளை ஒளிச்சிருந்ததோ?"

இரண்டாவது கேள்வி ஓர் இளந்தாயினுடையது. அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. மாதம் தவறாமல் பெனிசிலின் ஊசி போடவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். "தொண்டை நோவிலை தொடங்கினது, பிறகு முழங்கால் வீங்கினது, இப்ப இருதயம் எண்டு சொல்லீனம். பிள்ளை ஓடி விளையாடுறான். தொண்டைக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? போன இரண்டு மாதமும் நான் ஊசிக்குக் கொண்டுபோகேல்லை."

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரு கேள்விகளும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. வெளியிலிருந்து வரும் கிருமி போனபின்னும், அதனை எதிர்க்க எழுந்த எமது உடலின் சக்தியே எம்மை வருத்துவது எப்படி? அன்று அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாகச் சொல்ல முயல்கிறோம்.

உடலின் காவல்

எமது குருதியில் செங்கலங்களோடு வெண்கலங்களும் ஓடுகின்றன. வெண்கலங்களே உடலின் காவலர். பற்றீரியாவோ வைரசோ உட்புகுந்தால், சில வெண்கலங்கள் அவற்றை நேரே விழுங்கிவிடும். வேறு சில, அக்கிருமிக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோன்ற புரதங்களை உண்டாக்கிக் குருதியில் விடும். இவற்றைப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். இன்னும் சில வெண்கலங்கள், வைரசு புகுந்துவிட்ட எமது கலங்களையே தேடி அழிக்கும். இவை யாவும் சேர்ந்த எதிர்ப்பாற்றலே நிர்ப்பீடனம் எனப்படுகிறது. சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராதிருப்பதும், தடுப்பூசி வேலைசெய்வதும் இதனாலேயே.

இக்காவலர் எதைத் தாக்குவது, எதை விடுவது என்று அறிந்திருக்கவேண்டும். அந்தக் கல்வி பிறக்குமுன்பே தொடங்குகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமசு என்றொரு சுரப்பி உண்டு. வெண்கலங்களில் ஒரு வகை அங்கே சென்று பரீட்சைக்கு உட்படுகிறது. எமது சொந்த உடலின் புரதங்களைக் கண்டு சீறும் கலங்கள் அங்கேயே பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும். மற்றவை வெளியே அனுப்பப்படும்.

"பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். பரீட்சையில் தப்பிவிடும் சில கலங்கள் எங்கள் ஒவ்வொருவரிலும் உண்டு. சுகதேகியிலும் உண்டு. அவற்றை அடக்கிவைக்க வேறு வெண்கலங்கள் இருக்கின்றன. இந்த அடக்கம் குலையும்போது, காவலர் வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்குகின்றனர். இதனையே தன்னிர்ப்பீடன நோய் என்கின்றனர். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம், இன்சுலின் சுரக்கும் சதையியின் கலங்களைத் தாக்கினால் முதலாம் வகை நீரிழிவு, நரம்பின் உறையைத் தாக்கினால் கைகால் சோர்வு, பல உறுப்புகளை ஒருசேரத் தாக்கினால் லூப்பசு என்று இடத்துக்கேற்பப் பெயர் வேறுபடும். அடிப்படை ஒன்றே.

காவல் தடுமாறுவது எப்படி?

அடங்கியிருந்ததை எழுப்புவது எது என்பதற்கு விஞ்ஞானிகள் காட்டும் காரணங்களில் முக்கியமானது தொற்று. தொற்று காவலைக் குழப்பும் வழிகள் பல. நான்கை மாத்திரம் சொல்கிறோம்.

முதலாவது, ஆள்மாறாட்டம். எமது பகுதி மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் பெயரும் ஊரும் ஒத்திருந்த காரணத்தால் ஒருவருக்காக இன்னொருவர் பிடிபட்ட கதைகள் எம்மிடம் உண்டு. உடலிலும் அதுவே நடக்கிறது. கிருமியின் புரதத்தில் ஒரு சிறு துண்டு, எமது உடலின் புரதம் ஒன்றின் துண்டைப் போலவே இருந்துவிடுகிறது. கிருமிக்கெனச் செய்யப்பட்ட பிறபொருளெதிரி எமது உறுப்பிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. 1985இல் அமெரிக்காவில் புஜினாமி, ஓல்ட்ஸ்ரோன் என்ற இரு ஆய்வாளர்கள் இதனை முயல்களில் காட்டினர். செங்கமாரி உண்டாக்கும் பீ வகை வைரசின் புரதத் துண்டொன்று, நரம்பின் உறையிலுள்ள புரதத்தின் துண்டொன்றை ஒத்திருந்தது. அந்த வைரசுத் துண்டை மாத்திரம் முயல்களுக்கு ஏற்றியபோது, சில முயல்களின் மூளையிலும் முண்ணாணிலும் அழற்சி உண்டாயிற்று. அங்கே உயிருள்ள வைரசு எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது, பக்கத்து வேலி பற்றுவது. வயலில் வைக்கோலுக்கு வைத்த நெருப்பு காற்றோடு வேலியிலும் பற்றுவதுண்டு. வைரசை எதிர்க்கும்போது வெண்கலங்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஏராளமாக வெளிவிடுகின்றன. அந்தச் சூட்டில், அருகே அடங்கிக்கிடந்த தப்பிய கலங்களும் விழித்துக்கொள்கின்றன.

மூன்றாவது, உடைந்த வீட்டின் பொருள் வெளியே சிதறுவது. வைரசு எமது கலங்களை உடைக்கும்போது, காவலர் முன்பு கண்டிராத உட்பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றை அந்நியப் பொருளென எண்ணித் தாக்கத் தொடங்கினால், ஒரு புரதத்தில் ஆரம்பித்த தாக்குதல் அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் பரவும்.

நான்காவது, கிருமி முற்றாகப் போகாமல் ஒளித்திருப்பது. வைரசோ அதன் சிதைந்த எச்சங்களோ ஏதேனும் ஓர் உறுப்பில் தங்கிவிட்டால், அவற்றைத் தேடி வரும் காவலர் அவ்வுறுப்பில் நெடுநாள் கூடாரமடித்து விடுகின்றனர். எமது ஆச்சி கேட்ட கேள்வி இதுவே. அதற்குப் பின்னர் வருவோம்.

தொண்டையும் இருதயமும்

ஆள்மாறாட்டத்துக்கு மிகத் தெளிவான உதாரணம் இளந்தாயின் மகனுக்கு வந்த நோய். இதனை வாதக்காய்ச்சல் என்பர். இதனைத் தொடக்குவது வைரசன்று. ஸ்ரெப்ரோகொக்கசு என்ற பற்றீரியாவின் ஏ வகை. ஆயினும் நடக்கும் முறையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. எமது கிராமங்களில் இதைவிட அவசியமானதும் இல்லை.

இப்பற்றீரியா பிள்ளைகளின் தொண்டையில் புண்ணை உண்டாக்கும். சில நாளில் அது தானாகவே மாறிவிடும். அதன் மேற்புறத்தில் எம் எனப்படும் புரதம் ஒன்றுண்டு. அது இருதயத் தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்தைச் சில இடங்களில் ஒத்திருக்கிறது. தொண்டை நோவு மாறி ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களின் பின், பிள்ளைக்கு மீண்டும் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கி நோகும், அது குறைய, கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. நோவு இவ்வாறு மூட்டுக்கு மூட்டு தாவும். சில பிள்ளைகளில் கைகால்கள் தம்பாட்டில் துடிப்பதும் உண்டு. மூட்டு வீக்கம் வடுவின்றி மாறிவிடும். ஆனால் அதே வேளையில் இருதயத்தின் வால்வுகள் அழற்சியுற்றுத் தடித்துப் போகலாம். அது மாறுவதில்லை.

தொண்டை நோவு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது வருவதில்லை. சிகிச்சை பெறாதவரிலும் நூற்றுக்கு மூவருக்கு மேற்படாது என்பர். ஆனால் ஒருமுறை வந்த பிள்ளைக்கு, அடுத்த தொண்டை நோவோடு மறுபடியும் வருவதற்கு மிகுந்த வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் பழுதடையும். மாதாந்த பெனிசிலின் ஊசியின் நோக்கம் இப்போதுள்ள நோயை மாற்றுவதன்று. அடுத்த தொற்று தொண்டையில் கால்வைக்காமல் தடுப்பதாகும். ஆகவே பிள்ளை ஓடி விளையாடுகிறான் என்பது ஊசியை நிறுத்துவதற்குக் காரணமல்ல. அவன் ஓடி விளையாடவேண்டும் என்பதற்காகவே அந்த ஊசி. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை, பல ஆண்டுகளுக்கு, இருதயம் பழுதடைந்த சிலருக்கு நாற்பது வயதுவரையும் இது தேவைப்படும். நிறுத்தும் நாளை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி

எமது முதியவர்கள் விசர்நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தை மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஊசிமருந்தின் கதையும் இங்கு பொருந்தும். 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற வைத்தியர் அதனை உருவாக்கினார். விசர்நாய் வைரசை ஆடு போன்ற பிராணியின் மூளையில் வளர்த்து, பின் பீனோல் சேர்த்து வைரசைச் செயலிழக்கச் செய்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியாக ஏற்றினர். எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆனால் அதனைப் பெற்றவர்களில் மிகச் சிலருக்குச் சில நாட்களின் பின் கால் விழுந்தது; சிலருக்கு மூளை அழற்சி உண்டாயிற்று.

காரணம் செத்த வைரசு அன்று. அதனோடு சேர்ந்து வந்த மூளைத் திசு. பிராணியின் நரம்புறைப் புரதம் எமது நரம்புறைப் புரதத்தை மிக நெருங்கி ஒத்தது. அதற்கெதிராக எழுந்த காவல், ஊசி போட்டவரின் சொந்த நரம்பையும் தாக்கியது. 1980களில் தாய்லாந்து வைத்தியர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களின் குருதியில் நரம்புறைப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டு இதனை உறுதிசெய்தனர். இந்தியா 2000களின் நடுப்பகுதியில் இவ்வகை ஊசியைக் கைவிட்டது. இன்று இலங்கை வைத்தியசாலைகளில் கிடைக்கும் விசர்நாய்த் தடுப்பூசி மூளைத் திசுவில் அன்றி, ஆய்வுகூடத்தில் கல வளர்ப்பில் தயாரிக்கப்படுவது; கையிலேயே போடப்படுவது. பழைய பயத்தால் இன்றும் ஊசியைத் தவிர்ப்பவர் உண்டு. விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் மீட்பு இல்லை என்பதை மறக்கலாகாது.

கால் விழும் நோய்

1916இல் பிரான்சிய இராணுவ வைத்தியர்களான கீயன், பரே என்பவர்களும் ஸ்ரோல் என்பவரும், கால்களில் தொடங்கி மேலேறும் சோர்வுடைய இரு போர்வீரர்களைப் பற்றி எழுதினர். அந்நோய் இன்றும் கீயன்-பரே நோய் என்றே வழங்கப்படுகிறது. ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே இது வரும். பெரும்பாலானவர்கள் அதற்குச் சில வாரம் முன்பு வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ கண்டிருப்பர். வயிற்றோட்டம் உண்டாக்கும் கம்பைலோபக்ரர் என்ற பற்றீரியாவின் மேலுறையிலுள்ள சீனிப்பொருள், நரம்பின் மேலுள்ள கொழுப்புப்பொருளை ஒத்திருப்பதே காரணமென அறியப்பட்டுள்ளது.

வைரசும் இதனைச் செய்யும். 2013 - 2014இல் பசுபிக் சமுத்திரத்திலுள்ள பிரெஞ்சுப் பொலினீசியத் தீவுகளில் சீகா வைரசு பரவியபோது, 42 பேருக்கு இந்நோய் ஏற்பட்டது. சீகா, டெங்கு, சிக்குன்குனியா மூன்றையும் காவுவது ஒரே இன நுளம்புதான் என்பது கவனிக்கத்தக்கது. 2025 தொடக்கத்தில் இந்தியாவின் புனே நகரில் அசுத்தமான நீரோடு தொடர்புபட்டு இந்நோய் ஒரே காலத்தில் பலருக்குக் கண்டபோது, பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். தாக்குதல் மூச்சுத் தசைகளை எட்டினால் உயிராபத்து. உரிய காலத்தில் வைத்தியசாலையை அடைந்தவர்களில் பெரும்பாலானோர் மீண்டும் நடக்கின்றனர்.

எல்லோருக்கும் வந்த வைரசு, சிலருக்கு மாத்திரம் ஏன்?

மேற்சொன்னவற்றில் தொற்றுக்கும் நோய்க்கும் இடையில் சில வாரங்களே உள்ளன. ஆகவே தொடர்பைக் காண்பது இலகு. வேறு நோய்களில் இடைவெளி பல ஆண்டுகள். அத்தோடு சந்தேகத்துக்குரிய வைரசு ஊரில் எல்லோரிடமும் இருக்கும். அப்போது குற்றவாளியை நிரூபிப்பது எப்படி?

எப்ஸ்ரீன்-பார் வைரசு இதற்கு நல்ல உதாரணம். 1964இல் கண்டறியப்பட்ட இவ்வைரசு உமிழ்நீரால் பரவுகிறது. உலகில் வளர்ந்தோரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இதனை வாழ்நாள் முழுவதும் தம்முள் சுமக்கின்றனர், பெரும்பாலும் தெரியாமலே. மூளை, முண்ணாண் நரம்புகளின் உறையைத் தின்னும் பல்லிட வன்மை நோய்க்கு இது காரணமாகலாம் என நீண்டகாலம் சந்தேகிக்கப்பட்டது. 2022இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரிடம் இருபது ஆண்டுகளாகச் சேகரித்து வைக்கப்பட்ட குருதியின் துணைகொண்டு விடையை நெருங்கினர். இவர்களில் 955 பேருக்கு அந்நோய் கண்டது. முன்பு இவ்வைரசு தொற்றாதிருந்து பின்னர் தொற்றியவர்களுக்கு, நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 32 மடங்கால் உயர்ந்தது. வேறு வைரசுகளுக்கு இவ்வாறான உயர்வு காணப்படவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, இவ்வைரசின் புரதம் ஒன்றும் மூளைக் கலங்களின் புரதம் ஒன்றும் ஒத்திருப்பதைக் காட்டியது. மறுபடியும் ஆள்மாறாட்டம்.

பிள்ளைகளில் வரும் முதலாம் வகை நீரிழிவுக்கும் கொக்சாக்கி முதலான குடல் வைரசுகளுக்கும் தொடர்புண்டு என்று 1960களின் இறுதியிலிருந்து ஆய்வுகள் கூறிவருகின்றன. ஜெர்மன் சின்னமுத்து எனும் ருபெல்லா, கருவிலிருக்கும் குழந்தையைத் தாக்கினால் அக்குழந்தைக்குப் பின்னர் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் அறியப்பட்டதே. கொவிட் பரவிய 2020இல், சுகமடைந்த சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களின் பின் உடல் முழுவதும் அழற்சி உண்டானதையும் உலகம் கண்டது.

ஆயினும் வைரசு மாத்திரம் போதாது. ஒரே காய்ச்சல் கண்ட ஒரு வீட்டில் ஐவர் சுகமாக, ஒருவர் மாத்திரம் முடங்குகிறார். வெண்கலங்களுக்குக் கிருமியின் துண்டுகளைத் தூக்கிக் காட்டும் புரதங்கள் ஆளுக்காள் வேறுபடும். அவை பெற்றோரிடமிருந்து வருபவை. சில வகையினர் ஆள்மாறாட்டத்துக்கு எளிதில் ஆளாகின்றனர். தன்னிர்ப்பீடன நோயாளரில் பெரும்பகுதியினர் பெண்கள் என்பதும் தெரிந்ததே. வயது, புகைத்தல், முன்கண்ட தொற்றுகள் என்பனவும் சேருகின்றன. ஒரு நெருப்புக்குச்சி எல்லா இடத்திலும் விழலாம். காய்ந்த ஓலை உள்ள இடத்தில்தான் பற்றும்.

இதனால் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. இந்நோய்கள் செய்வினையாலோ சாபத்தாலோ வருவன அல்ல. நோயாளி செய்த தவறுமல்ல. வெளியே காயம் தெரியாத காரணத்தால் "வேலைக் கள்ளி" என்று பட்டம் கேட்ட பெண்களை நாம் கண்டிருக்கிறோம். அப்பட்டத்தைச் சூட்டியவர்கள் இப்பந்தியை இன்னொருமுறை வாசிப்பார்களாக.

ஆச்சியின் காய்ச்சல்

ஆச்சிக்கு வந்தது சிக்குன்குனியா. தான்சானியாவின் மக்கொண்டே மக்களுடைய மொழியில் இதற்கு "வளைந்து கூனுதல்" என்று பொருள். 1952 - 1953இல் அங்குதான் இந்நோய் முதலில் விபரிக்கப்பட்டது. இலங்கையில் 1960களில் காணப்பட்டு, பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறைந்திருந்தது. 2005 - 2006இல் இந்து சமுத்திரத்தின் றியூனியன் தீவில் மூன்றிலொரு பங்கு மக்களைப் படுக்கையில் வீழ்த்தி, 2006இல் தமிழ்நாடு உட்பட இந்தியாவில் பரவி, அவ்வாண்டின் இறுதியில் இலங்கையை அடைந்தது. மன்னார், புத்தளம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை, கொழும்பு எனப் பல இடங்களிலும் மக்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தனர். போர்ச்சூழலில், மருந்தும் போக்குவரத்தும் அரிதாயிருந்த நாட்களில் எமது கரையோர மக்கள் இதனைத் தாங்கினர்.

காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் விட்டுவிடும். மூட்டு நோவோ பலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று இருபக்கமும் ஒருசேர வீங்கி, விடிய எழும்பும்போது மூட்டுகள் விறைத்திருக்கும். பார்த்தால் முடக்குவாதம் போலவே இருக்கும்.

இது தன்னிர்ப்பீடன நோய்தானா? இங்கு வைத்திய உலகம் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. றியூனியன் தீவில் நெடுநாள் வருந்திய நோயாளி ஒருவரின் மூட்டுத் திசுவை ஆராய்ந்தபோது, காய்ச்சல் வந்து பதினெட்டு மாதத்தின் பின்னும் வைரசின் எச்சங்கள் அங்கிருந்த வெண்கலங்களில் காணப்பட்டதாக 2010இல் அறிக்கையிட்டனர். ஆகவே "ஒளிச்சிருந்ததோ" என்ற ஆச்சியின் ஐயம் விஞ்ஞானிகளின் ஐயமும்தான். மறுபுறத்தில், எலிகளில் நடத்திய பரிசோதனைகளில் மூட்டு வீக்கத்தை நடத்துவதில் வைரசைவிட வெண்கலங்களுக்கே பெரும் பங்கிருப்பது தெரியவந்தது. முடக்குவாத நோயாளரின் குருதியில் வழமையாகக் காணப்படும் பிறபொருளெதிரிகள் சிக்குன்குனியா நோயாளரில் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே இரண்டும் ஒன்றென்று சொல்வதற்கில்லை. நோய் தொடக்கியது வைரசு. நீடிக்கச் செய்தது உடலின் காவல் என்பதே இன்றைக்குச் சொல்லக்கூடியது. நெடுநாள் வீக்கத்துக்கு மூட்டுநோய் வைத்தியர்கள் முடக்குவாத மருந்துகளைச் சிலருக்குக் கொடுப்பதும் இதனாலேயே.

இது பழங்கதையுமன்று. 2024இன் பிற்பகுதியிலும் 2025இலும் சிக்குன்குனியா இலங்கையில் மீண்டும் பரவியது.

தடுப்பூசி பற்றிய பயம்

"தொற்று காவலைக் குழப்புமென்றால், தடுப்பூசியும் குழப்பாதா?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. செம்பிள் ஊசியின் கதை, இது நடக்கக்கூடியதே என்று காட்டுகிறது. அதனாற்றான் அந்த ஊசி கைவிடப்பட்டது. இன்றைய தடுப்பூசிகளில் இது மிக மிக அரிது. அவை தடுக்கும் நோய்களில் அதைவிடப் பன்மடங்கு அதிகம். சின்னமுத்து வந்த ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி வரும். இலங்கையில் 1996இல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2020இல் இந்நாடு ருபெல்லாவை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கருவிலேயே கண்ணும் காதும் இருதயமும் பழுதாகிப் பிறந்த குழந்தைகளை எமது தாய்மார் இன்று காண்பதில்லை. தொற்றைத் தடுப்பது, தொற்றால் வரும் தன்னிர்ப்பீடன நோயையும் தடுப்பதாகும்.

நாம் செய்யக்கூடியவை

பரம்பரையை மாற்ற எம்மால் முடியாது. ஆனால் நெருப்புக்குச்சி விழாமல் பார்க்கலாம். விழுந்தால் விரைந்து அணைக்கலாம்.

1. நுளம்பு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் காவும் நுளம்பு பகலில் கடிப்பது. தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடுவது. எமது கிராமங்களில் தண்ணீர் அரிது. ஆகவே பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் சேமிக்கிறோம். அவற்றை மூடிவைத்து, கிழமைக்கொருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். சிரட்டை, தகரப் பேணி, பழைய ரயர், கரையில் இழுத்துவிட்ட வள்ளத்துள் நிற்கும் மழைநீர் என்பவற்றையும் பார்க்கவேண்டும்.

2. மூட்டு நோவுடன் காய்ச்சல். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பரசிற்றமோல் மாத்திரம். அஸ்பிரின், புறுபன், டைக்குளோபெனாக் போன்றவை டெங்குவில் குருதிப்போக்கை உண்டாக்கக்கூடும்.

3. நீடிக்கும் வீக்கம். காய்ச்சல் விட்டு மூன்று மாதத்தின் பின்னும் மூட்டு வீங்கினால், அல்லது காலையில் ஒரு மணித்தியாலம்வரை விறைத்திருந்தால், வைத்தியரிடம் காட்டி மூட்டுநோய்க் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். பெயர் தெரியாத குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடவேண்டாம். உடனே நோவை நிறுத்தும் "நல்ல குளிசை" பெரும்பாலும் ஸ்ரீரொயிட். மேற்பார்வையின்றி நெடுநாள் போட்டால் எலும்பு மெலியும், சீனி ஏறும். போட்டுவந்ததைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

4. பிள்ளைகளின் தொண்டை நோவு. ஐந்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைக்குத் தடிமனோ இருமலோ இல்லாமல் காய்ச்சலும் தொண்டை நோவும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்கினால் வாதக்காய்ச்சலைத் தடுக்கலாம். கொடுத்த மருந்தை முழு நாட்களும் கொடுத்து முடிக்கவேண்டும்.

5. மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கம். பிள்ளைகளில் இதனை "வளர்ச்சி நோவு" என்று விடவேண்டாம். மாதாந்த ஊசி எழுதியிருந்தால் ஒன்றையும் தவறவிடவேண்டாம்.

6. காலில் தொடங்கி மேலேறும் சோர்வு. அன்றே வைத்தியசாலை. எண்ணெய் பூசிப் பார்த்துக் காத்திருக்கும் நோயல்ல.

7. பிள்ளை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, அடிக்கடி சலம் போய், மெலிந்துபோனால் அன்றே குருதிச் சீனியைப் பாருங்கள்.

8. கொதித்தாறிய நீர், சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், காலத்துக்குக் காலம் தடுப்பூசி. பழைய பாடங்கள்தான், காரணம் மாத்திரம் இப்போது இன்னும் ஒன்று கூடியிருக்கிறது.

கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் அந்த இளந்தாய் எம்மிடம் வந்து, தவறவிட்ட இரண்டு ஊசிக்கும் இனி என்ன செய்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். போனதை எண்ணி இருக்காமல், அடுத்த கிளினிக் நாள்வரையும் காத்திராமல் நாளைக்கே போகும்படி சொன்னோம். யாராவது ஏசுவார்களோ என்று தயங்கினார். அருகில் நின்ற ஆச்சி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "நானும் வாறன் பிள்ளை. எனக்கும் இந்தக் கையை ஒருக்காக் காட்டவேணும்" என்றார்.

மறுநாள் காலை இருவரும் பிள்ளையுடன் பஸ் ஏறியதாகப் பின்னர் அறிந்தோம். எங்கள் கிராமங்களில் வைத்தியசாலைக்குப் போகாமைக்குக் காரணம் பலவேளை தூரமோ பணமோ மாத்திரமல்ல. தனியே போகும் தயக்கமும்தான். உங்கள் ஊரிலும் ஊசி தவறிய பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். துணைக்குப் போக ஒருவர் போதும்.